வென்சிலாஸின் வலது கால் ஆடிய லீக்

வென்சிலாஸின் வலது காலை நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அடக்கம் செய்தோம். வென்சிலாஸ் அப்போது உயிரோடுதான் இருந்தான். திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், முழங்காலுக்குக் கீழே தட்டையாகிப் போன போர்வையைப் பார்த்தபடி கிடந்தான். காலை ஊருக்குக் கொண்டுவந்தவள் அவன் மனைவி பெர்னதெத். மீன் விற்கக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுத் துண்டு விரித்து, அதற்குள் காலை வைத்து, வாடகை வேனில் பெட்டியை மடியோடு அணைத்தபடி வந்து இறங்கினாள். எங்கள் சிப்பித்துறைப் பங்குச்சாமி கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று, ஆள் இல்லாமல் வெறும் காலுக்குச் சடங்கு செய்யத் திருச்சபையில் வழி இல்லை என்றார்.

"சாமி, நீங்க மணி அடிக்காண்டாம். கயிறு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள் பெர்னதெத்.

சாமி அவள் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடைசியில் துக்கமணியை ஒரே ஒரு தடவை அடிக்கச் சொன்னார். அந்த ஒரு அடிக்கு ஊரே வந்துவிட்டது. கடலுக்குப் போனவர்கள்கூட வலையை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஒரு முழ அகலக் குழியைச் சுற்றி அறுநூறு பேர் நின்று மண் போட்டோம்.

அந்தக் கால் போன கதை இது. தென்கரைக் கால்பந்து லீக்கில் எட்டுக் கழகங்கள். எங்கள் விடிவெள்ளி கழகம் இருபத்தேழு வருசம் ஆடியும் ஒரு தடவைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. மலையடிவாரத்துக் கொல்லம்பாறை ராயல் கழகமோ ஒன்பது தடவை தூக்கிக்கொண்டு போயிருந்தது. ராயலின் புரவலர் மனோகர்சிங். குவாரி அவருடையது, லாரிகள் அவருடையவை, லீக்கின் தலைவர் நாற்காலியும் அவருடையது. போன வருசக் கடைசி ஆட்டத்தில், ராயலின் மைதானத்தில், வென்சிலாஸ் ஒரு கோல் போட்டுவிட்டு அடுத்த கோலுக்காக ஓடும்போது யாரோ தள்ளி விழுந்தான். பந்து எங்கோ போய்விட்டது. அதற்குப் பிறகு ராயலின் தடுப்பாட்டக்காரன் பிரதாபன் ஓடிவந்து, விழுந்து கிடந்தவனின் கெண்டைக்காலின் மேல் இரண்டு பூட்ஸும் பதியக் குதித்தான். எலும்பு வெளியே வந்தது, புண்ணுக்குள் மண் ஏறியது, ஒன்பதாம் நாள் டாக்டர்கள் வேறு வழியில்லை என்றார்கள். நடுவர் பிரதாபனுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். மேடையில் மனோகர்சிங் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். எலும்பு முறிந்த அந்தச் சத்தம் கேட்டும் அவர் வாயிலிருந்து உறிஞ்சுகுழலை எடுக்கவில்லை என்று எங்கள் ஆட்கள் இருபது பேர் சத்தியம் செய்தார்கள். அந்த வருசமும் கோப்பை கொல்லம்பாறைக்குத்தான் போனது.

நாங்கள் பொறுமைசாலிகள் என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். அன்றிலிருந்து எங்கள் பெண்கள் கோயிலில் ஏற்றிய மெழுகுதிரியெல்லாம் பிரதாபனின் காலுக்காகத்தான். சாமிக்கு அது தெரிந்து, பழி கேட்டுத் திரி ஏற்றாதீர்கள் என்று பிரசங்கத்தில் கடிந்துகொண்டார். பெண்கள் தலையாட்டிவிட்டு வீட்டில் ஏற்றினார்கள்.

புது லீக்கின் முதல் ஆட்டம், அடக்கம் முடிந்த எழுபதாம் நாள், எங்கள் கடற்கரை மைதானத்தில் நடந்தது. முப்பதாவது நிமிடத்தில் நாங்கள் ஒரு கோல் பின்னால் இருந்தோம். அப்போது நடுவட்டத்து மணலில், யாரும் நிற்காத இடத்தில், ஒரு வலது பாதம் பதிந்தது. அதற்கு நான்கடி தள்ளி இன்னொரு வலது பாதம். அதற்கு நான்கடி தள்ளி இன்னொன்று. சுண்டுவிரல் இல்லாத பாதம். வென்சிலாஸின் சுண்டுவிரலைச் சின்ன வயதில் நங்கூரக் கயிறு கொண்டுபோனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தடங்கள் பந்தை எட்டியதும் பந்து கிளம்பியது. இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து, மூன்றாமவனை வலப்பக்கமாக ஏமாற்றி, கோல்கீப்பரின் தலைக்கு மேலே வளைந்து வலைக்குள் இறங்கியது. அப்படி வளைக்கத் தென்கரையில் ஒரே ஒரு காலால்தான் முடியும்.

பயிற்சியாளர் ததேயுஸ் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "வலது பக்கம் காலியா விடுங்கலே, அவன் வந்துட்டான்" என்று கத்தினார். எங்கள் ஆட்கள் வலது பக்கத்தைக் காலியாக விட்டார்கள். மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம்.

அதே நேரத்தில் வீட்டில், கட்டிலில் படுத்திருந்த வென்சிலாஸ் வீறிட்டுக் கத்தியதாக பெர்னதெத் பிறகு சொன்னாள். வலி என்று நினைத்து அவள் மாத்திரையைத் தேடினாள்.

"மாத்திரை வேண்டாம்ட்டி" என்றான் அவன். "பந்து பட்டுது. எனக்க காலுல பந்து பட்டுது."

அன்று சாயங்காலம் இல்லாத பாதத்தில் கொப்புளம் எரிகிறது என்றான். அவள் தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, போர்வை தட்டையாக இருந்த இடத்தில், காற்றில், முக்கால் மணி நேரம் தடவிக்கொடுத்தாள். கையில் சூடு தெரிந்ததா என்று எங்கள் பெண்கள் கேட்டதற்கு, தெரிந்தது என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரமே லீக் கமிட்டி கூடியது. விடிவெள்ளி பன்னிரண்டு பேரை இறக்குகிறது என்று ராயல் மனு கொடுத்திருந்தது. கால் எப்படி வந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அது சட்டப்படி வந்ததா என்பதுதான் பேச்சு. ததேயுஸ் விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"வென்சிலாஸ் பதிவு செஞ்ச ஆட்டக்காரன். அவனுக்க பேர நாங்களும் வெட்டல, நீங்களும் வெட்டல. காலு அவனுக்க காலு. மிச்ச உடம்பு வரலங்கதுக்காக அவன் ஆடலன்னு சொல்ல முடியுமா?"

மனோகர்சிங் சிரித்தார். "அப்போ பதினோரு பேர்ல அவனும் ஒருத்தன். நீங்க பத்துப் பேரை எறக்கிக்கிடுங்க."

அதில் எங்களை மாட்டிவிட்டதாக அவர் நினைத்தார். நாங்கள் சம்மதித்தோம். அன்றிலிருந்து பத்துப் பேரும் ஒரு காலுமாக ஆடினோம். பட்டியலில் ஏழாம் எண்ணுக்கு நேரே வென்சிலாஸின் பெயரை எழுதினோம். நடுவர்கள் பெயர் கூப்பிட்டு, நடுவட்டத்தில் தடம் பதிந்ததும் சரி போட்டுக்கொண்டார்கள். புல் மைதானத்தில் புல் சாய்ந்தது, சரல் மைதானத்தில் புழுதி கிளம்பியது, மழைநாளில் தேங்கிய தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. முட்டம் பக்கமிருந்தும் குளச்சல் பக்கமிருந்தும் சனங்கள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். ஊரில் ஒற்றைக் கால் நேர்ச்சை வைப்பது வழக்கமாயிற்று. மெழுகில் கால் செய்து விற்கத் தக்கலையிலிருந்து ஒருவன் வந்து கடை போட்டான். கர்ப்பிணிகள் ஆட்டம் முடிந்ததும் போய்த் தடத்து மண்ணை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டார்கள். சாமி இதைப் பற்றி மேற்றிராசனத்து ஆயருக்கு எழுதினார். பதில் வரும்வரை ஆட்டத்தைப் பார்ப்பதில் தவறில்லை என்று அவரே முடிவு செய்து, ஞாயிறு சாயங்காலச் செபத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார்.

ஆனால் எங்களுக்கு ஒரு குறை இருந்தது. அந்தக் கால் யாரையும் அடிக்கவில்லை. ஒருவன் கணுக்காலைக்கூடத் தட்டவில்லை. அது கோல் போட்டது, பந்து கொடுத்தது, மூலை உதையை வளைத்து விட்டது, அவ்வளவுதான். ராயலின் ஊரில் முதல் சுற்றில் மோதியபோது பிரதாபன் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டான். ஆட்டம் சமனில் முடிந்தது. கால் அன்று கோடோரமாக நடந்துகொண்டே இருந்தது, யாரையோ தேடுவதுபோல. நாங்கள் திரும்பும் வழியில் பாடவில்லை. நாங்கள் காத்திருந்தது கோப்பைக்காக மட்டும் இல்லை.

வென்சிலாஸும் காத்திருந்தான். அவன் ஒரு ஆட்டத்தையும் பார்க்க வரவில்லை. பொய்க்கால் வாங்கிக்கொடுக்கிறோம் என்று கழகத்தார் போனபோது, இடம் காலியாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டான். மாதம் செல்லச் செல்ல அவன் மெலிந்தான். கால் தொண்ணூறு நிமிடம் ஓடினால் இவனுக்கு மூன்று நாள் மூச்சு வாங்கியது. சாப்பிடுகிற சோறெல்லாம் எங்கே போகிறது என்று பெர்னதெத்துக்குத் தெரிந்தது.

"கேட்டியளா, அது ஆடட்டும், ஜெயிக்கட்டும்" என்றாள். "லீக் முடிஞ்சதும் அதப் பேசாம படுக்கச் சொல்லுங்க. அது நடக்க நடக்க நீங்க தேயுதிய."

"அது எதுக்கு எந்திரிச்சு வந்ததுன்னு நினைக்க? கோப்பைக்கா?" என்றான் அவன்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், ராயலோடு. நாங்கள் ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. சமன் ஆனாலும் ராயலுக்கு. பிரதாபனுக்கு இந்தத் தடவையும் காய்ச்சல் வந்தது. மனோகர்சிங் ஆள் அனுப்பி அவனைப் போர்வையோடு வேனில் ஏற்றிக் கொண்டுவந்தார். எட்டாயிரம் பேர் நின்ற மணலில் அவன் இறங்கியபோது எங்கள் பெண்கள் அவன் கால்களைப் பார்த்தார்கள். அன்று வென்சிலாஸ் முதல் தடவையாக வந்திருந்தான். இரண்டு கக்கத்திலும் கட்டைகளை ஊன்றிக் கோட்டுக்கு அருகில் நின்றான், பெர்னதெத் அவன் முதுகில் கை வைத்திருந்தாள்.

முதல் பாதியில் ராயல் ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதி தொடங்கியதும் கால் அதைச் சமன் செய்தது. அறுபத்தைந்தாவது நிமிடத்தில், பந்து மறுமுனையில் இருக்கும்போதே, தடங்கள் பந்தை விட்டு விலகின. ஒவ்வொரு பாதமாக, அவசரமில்லாமல், பிரதாபனை நோக்கி நடந்தன. அவன் பின்வாங்கினான், தடங்கள் முன்வந்தன. அவன் இடப்பக்கம் போனான். தடங்கள் இடப்பக்கம் திரும்பின. கடைசியில் அவனுடைய பூட்ஸின் முனைக்கு எதிரே, ஒரு விரல் இடைவெளியில், நான்கு விரல் பாதம் ஆழமாகப் பதிந்து நின்றது. நடுவர் விசில் ஊதினார். எங்கள் பெண்கள் எழுந்து நின்றார்கள். மிதி என்று ஒருத்தி சொன்னாள். பிறகு எட்டாயிரம் பேரும் சொன்னோம். அதை நாங்கள் மறைக்கப்போவதில்லை. மிதி, மிதி, மிதி என்று மணல் அதிரச் சொன்னோம்.

பிரதாபன் மணலில் மண்டியிட்டான். மெலிந்த முகம், முப்பது வயதுகூட இருக்காது.

"அவருதான் சொன்னாரு" என்று அழுதான். "கால எடுன்னாரு. எடுத்தா குவாரியில மேஸ்திரி வேலைன்னாரு. எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு, வென்சிலாஸ் அண்ணே. அவருதான் சொன்னாரு."

எல்லோரும் மேடையைப் பார்த்தோம். மனோகர்சிங் கைபேசியில் ஏதோ பார்ப்பதுபோல இருந்தார்.

மணலில் பதிந்திருந்த பாதம் திரும்பியது. எல்லைக்கோட்டின் சுண்ணாம்பை மிதித்து வெளியே வந்தது. அதன் பிறகு தடங்கள் வெள்ளை வெள்ளையாக விழுந்தன. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. மேடையின் பலகைப் படிகளில் ஒவ்வொன்றாக வெள்ளைப் பாதம் ஏறியது. அவருடைய நாற்காலிக்கு முன்னால் நின்று, ஒரே ஒரு தடவை, பலகை பிளக்க மிதித்தது. மனோகர்சிங் எழுந்து ஓடினார். செருப்பு இல்லாமல், வேட்டி அவிழ, மணலில் விழுந்து எழுந்து தன் காருக்கு ஓடினார், வெள்ளைப் பாதம் பின்னால் போனது, கார் கிளம்பியது, தார் ரோட்டில், காருக்குப் பக்கத்தில், நான்கு நான்கடியாக, சுண்ணாம்பு தீரும்வரை தடம் தெரிந்தது.

கூட்டத்தில் பாதி காரின் பின்னால் ஓடிவிட்டது. மைதானத்தில் எங்கள் பத்துப் பேர் வாய்பிளந்து நின்றார்கள். கால் போய்விட்டது. கோல் கணக்கு ஒன்றுக்கு ஒன்று. இருபத்தைந்து நிமிடம் மீதி இருந்தது. வருசம் முழுவதும் பந்தை வலது பக்கம் தள்ளிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றே பழகியவர்கள் அவர்கள்.

"கூப்பிடுலே அத!" என்று ததேயுஸ் வென்சிலாஸிடம் ஓடிவந்தார். "கோப்பை போவுது!"

வென்சிலாஸின் முகம் வேர்த்து ஒழுகியது. அவன் கண்கள் ரோட்டில் இருந்தன. "கூப்பிட மாட்டேன்" என்றான். "இருபத்தேழு வருசம் காலு இருக்கவனுவதானே ஆடினானுவ? ஆடட்டும்."

நடுவர் ஆட்டத்தைத் தொடங்கினார். எங்கள் எப்ரேம் அந்த லீக்கில் ஒரு கோல்கூடப் போடாதவன், பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவன். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் ஒரு மூலை உதை அவன் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. அவனுக்கும் கோலுக்கும் நடுவில் பிரதாபன் நின்றான். அழுத இடத்தைவிட்டு அவன் அதுவரை அதிகம் நகரவில்லை. கைகளைத் தொங்கப்போட்டபடி எப்ரேமைப் பார்த்தான், ஒரு எட்டு விலகி நின்றான். பயத்தால் விலகினானா, மனசார விலகினானா என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் இரண்டு கட்சி உண்டு. எப்ரேம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உதைத்தான். கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவில் பந்து உருண்டு, கோட்டைத் தாண்டி, வலையைக்கூடத் தொடாமல் நின்றது.

இரண்டுக்கு ஒன்று. விடிவெள்ளி முதல் தடவையாக லீக்கை ஜெயித்தது. வெடி போட்டோம், படகுகளில் கொடி கட்டினோம், சாமியைத் தோளில் தூக்கினோம். கோப்பையைக் கொடுக்க வேண்டிய தலைவர் ஊரில் இல்லாததால் பெர்னதெத் அதை எடுத்து ததேயுஸ் கையில் கொடுத்தாள். வென்சிலாஸ் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி, "ஓடுது, ஓடுது" என்று சிரித்துக்கொண்டிருந்தான்.

கால் கல்லறைக்குத் திரும்பவில்லை. மனோகர்சிங்கின் வீட்டில், மாடிப்படியில், பூசையறையில், அவர் போகிற இடமெல்லாம் ஒற்றை வலது பாதம் பின்னால் வந்தது. குவாரியின் கல்பொடியில் அவருடைய இரண்டு தடங்களுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒன்று விழுவதைப் பார்த்து வேலைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். கல்யாண வீடுகளில் அவருக்குப் பக்கத்து இலை காலியாகக் கிடந்தது. அவர் மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் இருக்கும் துபாய்க்குப் போனார். விமானத்தின் கம்பளத்திலும் அது நடந்தது. எட்டாம் நாள் மகனே அவரைத் திருப்பி அனுப்பினான். கால் அவரை ஒரு தடவையும் தொடவில்லை. நடந்தது, அவ்வளவுதான். அவர் நின்றால் நின்றது.

அவர் நடந்த நடையெல்லாம் வென்சிலாஸும் நடந்தான். விலா எலும்பு எண்ணும்படி ஆனான். ஆனாலும் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மனோகர்சிங் சிப்பித்துறைக்கு நடந்தே வந்தார். கோயில் முற்றத்து மணலில் அவருக்குப் பின்னால் அந்தத் தடம். சனம் கூடியது. அவர் பாதி உடம்பாகியிருந்தார். வென்சிலாஸின் முன்னால் நின்று, யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார்: தான்தான் பிரதாபனை ஏவியதாக, எந்த இடத்தில் மிதிக்க வேண்டும் என்றுகூடத் தான்தான் சொன்னதாக, அன்று அந்தச் சத்தம் தனக்குக் கேட்டதாக. பிறகு மணலில் குப்புற விழுந்தார்.

"கூப்பிட்டுக்கோப்பா" என்றார். "எனக்கு ஒறக்கம் வந்து ஆறு மாசம் ஆச்சு. ஒனக்க கால நீ கூப்பிட்டுக்கோ."

மிதி என்று முதலில் சொன்னவள் அழுதாள். எங்களில் பலர் தலையைக் குனிந்துகொண்டோம். சாமி வென்சிலாஸின் தோளைத் தொட்டு, "போதும் மக்கா" என்றார். பெர்னதெத் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காவ" என்றாள்.

வென்சிலாஸ் கட்டைகளை ஊன்றி எழுந்தான். மனோகர்சிங்கின் பின்னால் பதிந்திருந்த பாதத்தைப் பார்த்தான். எல்லோருக்கும் கேட்கும்படி, "வா" என்றான்.

கால் அசையவில்லை. மறுபடியும், "வா" என்றான். மணலில் ஒரு பொடி நகரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மனோகர்சிங் எழுந்து, மண்ணைக்கூடத் தட்டாமல், வந்த வழியே நடந்தார். தடம் பின்னால் போனது. கால் இப்போது யார் பேச்சையும் கேட்பதில்லை, அதற்கு வென்சிலாஸ் என்ன செய்வான் என்று பேசிக்கொண்டு சனம் கலைந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் பெர்னதெத் நின்றாள்.

"கேட்டியளா, உள்ளதைச் சொல்லுங்க. நீங்க கூப்பிட்டியளா?"

வென்சிலாஸ் கட்டைகளின் மேல் சாய்ந்து மூச்சு வாங்கினான். ரோட்டில் வெகு தூரத்தில் அந்த மனிதர் மேடு ஏறிக்கொண்டிருந்தார்.

"வாயால கூப்பிட்டேன்" என்றான்.